திரைக்குப் பின்னால் நின்ற அடிகளார்

கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே, ஏ9 நெடுஞ்சாலையை அணைத்தவாறு அமைந்துள்ள ஊர் அலவத்துகொட. பரிசுத்த வாரத்தில் அவ்வூரிலிருந்து பஸ் ஏறித் தெற்கே செல்லும் குடும்பம் சற்று நேரத்தில் கண்டி புனித அந்தோனியார் பேராலயத்தை அடைந்துவிடும். அதே சாலையில் வடக்கே சென்று, மதவாச்சியில் இடப்புறம் திரும்பினால் மன்னாரையும் அதற்கப்பால் பேசாலையையும் அடையலாம். ஒரு முனையில் மலைநாட்டின் தலைநகர். மறுமுனையில் மீனவர் வாழும் கடற்கரை. இவ்விரண்டையும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தம் கால்களாலும் எழுத்தாணியாலும் இணைத்த குருவானவர் ஒருவர் உண்டு. அவர்தாம் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார்.

அன்பார்ந்த வாசகர்களே, தவக்காலம் வந்ததும் நம் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்ப்பது திருப்பாடுகளின் காட்சியை. உரோமைப் படைவீரரின் தகரக் கவசம், பிலாத்துவின் அரியணை, சிலுவையின் பாரம், கல்வாரி மேடையில் எழும் இடியோசை ஆகியவற்றையெல்லாம் அவர்கள் கண்கொட்டாமல் பார்க்கின்றனர். வீடு திரும்பும் வழியில், இடி எப்படி உண்டாயிற்று, இரத்தம் எப்படி வந்தது என்று கேள்விமேல் கேள்வி கேட்கின்றனர். அக்கேள்விகளுக்குப் பெற்றோர் எளிதில் விடை கூறிவிடலாம். ஆனால் இக்காட்சி நம் நாட்டிற்கு எப்படி வந்தது, ஏன் வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? அவ்விடையைத் தேடிச் செல்வோர் இவ்வடிகளாரின் வாழ்வையே சென்றடைவர்.

அவர் 1676ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதி கோவாவைச் சேர்ந்த திவார் தீவில், கொங்கணி பேசும் குடும்பமொன்றில் பிறந்தார். கோவாவிலேயே கல்வி கற்று, குருத்துவ அபிஷேகம் பெற்று, ஒரத்தோரியன் சபையில் இணைந்தார். அந்நாளைய கோவாவின் ஆலயங்களில் தவக்காலந்தோறும் ஒரு வழக்கம் இருந்தது. மறையுரை நிகழும்போது ஆண்டவரின் பாடுகளைச் சித்திரிக்கும் சுரூபங்கள் திரைக்குப் பின்னே ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கும். உரை முடிவுறும் வேளையில் திரை விலகும். மக்கள் கண்ணீர் மல்க முழந்தாளிடுவர். சிறுவயது முதல் கண்ட அக்காட்சி அடிகளாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும்.

அக்காலத்தில் இலங்கையின் நிலை வேறு. கரையோரங்களைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என 1658இல் கட்டளை பிறப்பித்திருந்தனர். ஆலயங்கள் பறிபோயின, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த இருளினூடே 1687இல் கூலியாளின் கோலத்தில் வந்திறங்கியவர்தாம் புனித யோசே வாஸ். அவர் ஒல்லாந்தரின் பிடிக்கு எட்டாத கண்டி அரசைத் தம் மறைப்பணியின் நிலைக்களமாக்கினார். அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து அனுப்பப்பட்டவர்களுள் ஒருவராக, கொன்சால்வெஸ் அடிகளார் 1705ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் மன்னார்க் கரையில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 29.

புதிதாய் வந்த இளங்குருவின் மொழித்திறனைப் புனித யோசே வாஸ் விரைவிலேயே கண்டுகொண்டார். சிங்களத்தை ஐயந்திரிபறக் கற்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். தமிழிலும் சிங்களத்திலும் இலக்கியம் படைக்கும் அளவிற்கு அவர் புலமை பெற்றார். அதே காலத்தில் பாக்குநீரிணையின் மறுகரையில், இத்தாலி நாட்டவரான வீரமாமுனிவர் தமிழில் தேம்பாவணியைப் பாடிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம். ஒரு கடலின் இரு கரைகளிலும் அயல்மொழி பேசிய இரு குருக்கள் நம் மொழியில் மறையை எழுதிய காலம் அது.

கண்டியில் 1707 முதல் 1739 வரை ஆட்சி புரிந்த வீர நரேந்திரசிங்க மன்னன் பௌத்தனாயினும் கத்தோலிக்கக் குருக்களிடம் பெரும் பரிவு கொண்டவன். அடிகளாரின் புலமையை அவன் மதித்தான். அந்த நிழலில் அவர் எழுதத் தொடங்கினார். சிங்களத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நூல்களும் தமிழில் பத்துக்கும் மேற்பட்ட நூல்களும் அவரால் இயற்றப்பட்டன. அகராதிகளும் தொகுத்தார். இலங்கைக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என அறிஞர் அவரைப் போற்றுவது இதனாலேயே.

இந்நூல்களுள் ஒன்றுகூட அவர் வாழ்நாளில் அச்சேறியதாக எண்ணிவிட வேண்டாம். இலங்கையில் அச்சுக்கூடம் ஒல்லாந்தரிடமே இருந்தது. முதலாவது சிங்கள நூல் 1737இல் கொழும்பில் அச்சிடப்பட்டபோது அது அவர்களுடைய சபைக்குரிய செப நூலாகவே இருந்தது. அடிகளாருக்கு வாய்த்தவை பனையோலையும் எழுத்தாணியுமே. எழுத்தர்களை அமர்த்தித் தம் நூல்களை ஓலையில் படியெடுப்பித்து, ஊர் ஊராக அனுப்பிவைத்தார். ஓலைச்சுவடியைத் துணியில் சுற்றி மறைத்து எடுத்துச் செல்வது எளிது. காவலர் வந்தால் கூரையின் இடுக்கில் செருகிவிடலாம்.

அடிகளாரின் உள்ளத்தை வாட்டிய கவலை யாதெனில், நாடு முழுமைக்கும் குருக்கள் ஒருசிலரே இருந்தமையாகும். ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை குருவானவர் வந்தால் அதுவே பெரும்பேறு. அவ்வொருமுறை பரிசுத்த வாரமாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. குருவில்லாத ஊரில் பெரிய வெள்ளிக்கிழமையை மக்கள் எப்படி அனுட்டிப்பர்? எழுதப் படிக்கத் தெரியாத தாய் தன் பிள்ளைக்கு ஆண்டவரின் பாடுகளை எப்படி எடுத்துரைப்பாள்? இக்கேள்விக்கு அவர் கண்ட விடைதான் இன்றும் நாம் காணும் மரபுகளுக்கு வித்தாயிற்று.

அவர் இரு வழிகளைக் கண்டார். ஒன்று செவிக்கு, மற்றொன்று கண்ணுக்கு.

செவிக்கென அவர் அளித்தது ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய பிரசங்கங்கள். சிங்களத்தில் அது துக்பிராப்தி பிரசங்கய என்றும், தமிழில் வியாகுலப் பிரசங்கம் என்றும் வழங்குகிறது. பெயர் பிரசங்கமாயினும் அது வெறுமனே வாசிக்கப்படுவதன்று, இராகத்தோடு ஓதப்படுவது. இழவு வீட்டில் நம் தாய்மார் பாடும் ஒப்பாரிக்கு மிக நெருங்கிய உருக்கம் அதில் உண்டு. குருவானவர் வர இயலாவிட்டால் என்ன? ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏட்டை விரித்து ஓதினால் போதும். ஊரே திருப்பாடுகளின் நினைவில் மூழ்கிவிடும். சிங்களக் கிராமங்களில் பசன் என்னும் பாடல்களாகவும், மன்னார் முதலான தமிழ் ஊர்களில் வியாகுலப் பிரசங்கமாகவும் அந்தக் குரல் தலைமுறை தலைமுறையாய்த் தவக்காலங்களில் ஒலித்து வந்துள்ளது.

துக்கத்தை மட்டுமன்று, மகிழ்ச்சியையும் பாடக் கற்றுக் கொடுத்தார். சிங்களத்தில் அவர் இயற்றிய பாடல்களுள் ஒன்றின் பெயர் ஆனந்த களிப்புவ. தமிழ் அறிந்தோர் இப்பெயரைக் கேட்டதும் புன்முறுவல் பூப்பர். ஆனந்தக் களிப்பு என்பது நம் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பாட்டு வகையல்லவா? தமிழின் பாட்டு வகையொன்று பெயரோடு சிங்களக் கத்தோலிக்கரின் திருநாளிற் குடியேறியது. இரு மொழிகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட விருந்து அது.

கண்ணுக்கென அவர் அளித்தது சுரூபங்களால் அமைந்த பாடுகளின் காட்சி. கோவாவில் தாம் கண்டதை இந்நாட்டு மக்களுக்கு ஏற்றவாறு அவர் அமைத்தார் என்றும், இலங்கையின் பாஸ்கா நாடகங்கள் அவரிடமிருந்தே தொடங்கின என்றும் மரபு கூறுகிறது. தமிழ்ப் பகுதியில் இதற்கு உடக்குப்பாஸ் என்று பெயர். உடக்கு என்பது பாவை. மனிதர் நடிப்பதற்குப் பதிலாக, ஆண்டவர், தேவமாதா, அருளப்பர் முதலானோரின் உருவங்கள் மேடையில் தோன்றும். அவற்றை இயக்குவோர் மக்கள் கண்ணிற்படாமல் மறைவில் நிற்பர். ஒருபுறம் பிரசங்கம் ஓதப்படும். மறுபுறம் உருவங்கள் அசையும். பேசாலையில் இக்கலை பெரும் புகழ் பெற்றது.

சிலுவையிலிருந்து இறக்கப்படும் ஆண்டவரின் சுரூபத்தை உற்று நோக்கியவர்கள் அதன் நுட்பத்தை அறிவர். தோள்மூட்டுகள் மடங்குமாறு அது செய்யப்பட்டிருக்கும். விரிந்திருந்த கைகள் ஆணி கழற்றப்பட்டதும் மெல்லத் தாழ்ந்து உடலோடு சேரும். பின்னர் அச்சுரூபம் ஆசந்தியில் கிடத்தப்பட்டுப் பவனியாக எடுத்துச் செல்லப்படும். எத்தனையோ ஆண்டுகளாக அதைக் கண்டு பழகியவர்களும் அக்கைகள் தாழும் கணத்தில் விம்முவர். மரத்தை மடக்கத் தெரிந்த தச்சன் மனத்தையும் உருக்கிவிடுகிறான்.

இத்தகைய அடிகளாரின் வாழ்வில் ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அழவைக்கும் பிரசங்கத்தை எழுதிய அதே கரம் வாதநூல்களையும் எழுதியது. ஒல்லாந்தரின் கோட்பாட்டை மறுத்து எழுதியதோடு நில்லாமல், பௌத்த சமயத்தைக் கடுமையாக விமர்சித்தும் எழுதினார். சமயவாதம் எங்கும் மலிந்திருந்த காலம் அது என்பது உண்மையே. ஆயினும் அவ்வெழுத்துகள் பிக்குமாரின் மனத்தைப் புண்படுத்தின. பின்னாளில் கண்டி அரசவையில் கத்தோலிக்கருக்கு எதிராக எழுந்த சினத்திற்கு அவையும் ஒரு காரணமாயின என்பர்.

பெரும்பாலும் பொலவத்தையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு பணியாற்றிய அடிகளார், 1742ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆதரவளித்த நரேந்திரசிங்கன் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டான். அவனுக்குப் பின் அரியணையேறிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் நிலைமை மாறியது. கண்டி இராச்சியத்தில் ஆலயங்கள் அழிக்கப்பட்டன; குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கரையோரத்தில் ஒல்லாந்தரின் தடை, மலைநாட்டில் மன்னனின் தடை என இரு புறமும் கதவு அடைபட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டிலேயே கத்தோலிக்கர் மீதான தடைகள் சட்டப்படி நீக்கப்பட்டன.

அந்த நெடிய இடைவெளியில் பல ஊர்களில் மறையுரைக்கக் குரு இல்லை. ஆனால் ஏடு இருந்தது. ஏட்டை ஓத ஒரு மூப்பர் இருந்தார். மேடை கட்ட இளைஞர் இருந்தனர். பாவைகளைப் பேணிவைக்க ஒரு குடும்பம் இருந்தது. குருவில்லாத வேளைக்கென்றே அடிகளார் ஆயத்தம் செய்துவைத்தது தக்க தருணத்தில் கைகொடுத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாற்றாரை மறுத்து அவர் எழுதிய வாதநூல்களை இன்று ஆராய்ச்சியாளரன்றி வேறெவரும் தேடுவதில்லை. பாடுபட்டவருக்காக அழ அவர் கற்றுக் கொடுத்த பாட்டோ இன்றும் வாழ்கிறது. சினந்து எழுதியது சுவடியிலேயே உறங்கிற்று. இரங்கி எழுதியது மக்களின் நாவில் நிலைத்தது.

அவர் நட்ட விதை பின்னர் பல கிளைகள் விட்டது. ஜெர்மனியின் ஒபரமர்கவ் என்னும் சிற்றூரார், கொள்ளைநோயிலிருந்து தம்மைக் காக்குமாறு 1633இல் நேர்ந்துகொண்டு, மறு ஆண்டு முதல் பாஸ்கா நாடகம் நடத்தி வருவது உலகறிந்த செய்தி. அதன் புகழால் ஈர்க்கப்பட்ட கே. லோரன்ஸ் பெரேரா, 1923இல் பொரலெஸ்ஸ என்னும் ஊரில் மனிதர் நடிக்கும் பாஸ்கா நாடகத்தை மேடையேற்றினார். 1939இல் பெண்களும் அதில் நடித்தபோது, அது தகாது என்று திருச்சபை அதிகாரிகள் தடுத்தனர். இன்று நம் பங்குகளில் மரியாளாகவும் வெரோனிக்காவாகவும் பெண்பிள்ளைகள் நடிப்பதைக் காணும்போது, இதற்காகவா அத்தனை சச்சரவு என வியக்கத் தோன்றும். நீர்கொழும்பை அடுத்த துவவிலும் ஏறத்தாழ அதே காலத்தில், மார்சலின் ஜயக்கொடி அடிகளாரின் முயற்சியால், சுரூபங்களோடு மனிதரும் மேடையேறினர். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965இல் தோற்றுவித்த திருமறைக் கலாமன்றம் தமிழ் மக்களுக்குப் பெரும் பாஸ்கா நாடகங்களை அளித்தது.

அன்பார்ந்த வாசகர்களே, உடக்குப்பாஸில் பாவையை இயக்குபவரின் முகத்தை எவரும் காண்பதில்லை. காட்சி முடிந்ததும் அவர் பெயரை எவரும் அறிவிப்பதில்லை. கொன்சால்வெஸ் அடிகளாரும் அத்தகையவரே. அவர் அமைத்த காட்சியைக் கண்டு முந்நூறு ஆண்டுகளாக மக்கள் அழுகின்றனர். அமைத்தவரின் பெயரை அறியாமலே அழுகின்றனர். அதில் அவருக்கு வருத்தம் இராது. தம்மைக் காணச் செய்வதற்காக அன்றி, சிலுவையிலுள்ளவரைக் காணச் செய்வதற்காகவே அவர் திரைக்குப் பின்னால் நின்றார்.

வருகின்ற தவக்காலத்தில் ஒரு மாலை நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள பாட்டியையோ தாத்தாவையோ பழைய புலம்பலொன்றைப் பாடச் சொல்வோம். அவர்களுடைய குரல் நடுங்கலாம்; இராகம் பிசகலாம். பிள்ளைகள் அதைக் கேட்டு மனத்திற்கொண்டால் போதும். நாளை குருவும் ஆலயமும் எட்டாத தூரத்தில், அயல்நாட்டு அறையொன்றில் அப்பிள்ளை தனித்திருக்கும் பெரிய வெள்ளிக்கிழமை ஒன்று வரக்கூடும். அன்று அதன் நாவில் எழும் பாட்டு எதுவாக இருக்கும் என்பதை, இன்று நம் வீட்டில் ஒலிக்கும் பாட்டே முடிவு செய்கிறது.