துறந்ததும் துறவாததும்

உலகப்பற்றினின்றும் ஒவ்வா உறவினின்றும் விலகுக என்னும் கிறித்தவக் கட்டளை தமிழறிஞன் ஒருவனை எத்துணைத் தொலைவு பிரிக்கும்? இறக்கக்கண்டியில் என்பால் தமிழ் பயில்வோர் இங்ஙனம் வினவுங்கால், எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வையே நான் விடையாகக் காட்டுவேன்.

1827-இல் நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்த அவர், கம்பனில் தோய்ந்து வளர்ந்தார். சாயர்புரத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தபின் அவர் நெஞ்சம் கிறித்துவின்பாற் சாய்ந்தது. 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, பிறந்த சமயத்தை விடுத்தார்.

அழியும் நகரையும் மனைமக்களையும் நீங்கிச் செல்லும் பயணியைப் பற்றிய பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி, 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். பொருள் புதிது, ஆயினும் அதற்கு அவர் அணிவித்தது கம்பன் வழிவந்த காவிய நடையே.

1900-இல் மறைந்த அப்புலவர் பழஞ்சமயத்தைத் துறந்தார்; அச்சமயம் ஊட்டிய தமிழைத் துறந்தாரல்லர்.