பின்வழி இல்லாப் பயணம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

துருவப் பயணி என்று உலகம் போற்றும் பிரிட்யோஃப் நான்சென், நம்மைப் போல விலங்கியல் பயின்றவர். 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், நார்வேயில் இன்றைய ஆஸ்லோ நகரை அடுத்துப் பிறந்தார். பனிச்சறுக்குக் கட்டைகள் அவருக்கு இளமைத் தோழர்கள். 1882-இல் பெர்கன் அருங்காட்சியகத்தில் பணியேற்றார். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து கீழ்நிலை உயிரிகளின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் கிரீன்லாந்தின் பனிமலைகளையே நாடியது.

அத்தீவின் உட்பகுதியை அதுவரை எவரும் கடந்ததில்லை. முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, இடர் வந்ததும் திரும்பினர். நான்சென் தலைகீழாகச் சிந்தித்தார். ஆளரவமற்ற கிழக்குக் கரையில் இறங்கிவிட்டால், உணவும் உறைவிடமும் மேற்கில்தான். திரும்ப நினைத்தாலும் பயனில்லை. இது தற்கொலைக்கு ஒப்பாகும் எனப் பலர் எள்ளினர். நார்வே அரசு பணம் தர மறுத்தது. டேனிஷ் வணிகர் ஒருவர் உதவினார். டாக்டர் பட்ட ஆய்வேட்டுக்காக வாதிட்ட சில நாட்களிலேயே, 1888 மே மாதத்தில், நான்சென் புறப்பட்டார்.

அறுவர் கொண்ட குழு அது. இருவர் சாமி இனத்தவர். ஜூலை 17-இல் கப்பலை விட்டுப் படகேறினர். மிதக்கும் பனிப்பாறைகள் அவர்களைச் சிறைப்பிடித்துத் தெற்கே வெகுதூரம் இழுத்துச் சென்றன. மீண்டும் வடக்கே துடுப்பு வலித்து, ஆகஸ்ட் 15-இல்தான் மலையேற்றம் தொடங்கினர். நாய்களோ குதிரைகளோ இல்லை. சுமை நிறைந்த சறுக்கு வண்டிகளைத் தாமே இழுத்தனர். உணவில் கொழுப்புக் குறைவால் எந்நேரமும் பசி வாட்டியது. இரவில் குளிர் சுழியத்துக்குக் கீழே 45 பாகையைத் தொட்டது. செப்டம்பரில் 2,719 மீட்டர் உயரத்தை அடைந்தனர். பின்னர் வண்டிகளைப் பிணைத்துப் பாய் விரித்துக் காற்றின் துணையோடு சறுக்கி இறங்கினர். அக்டோபர் 3-இல், 49-ஆம் நாள், நான்சென்னும் தோழர் ஸ்வெர்ட்ரூப்பும் தாமே கட்டிய சிறு படகில் காட்ஹாப் ஊரை (இன்றைய நூக்) அடைந்தனர். வரவேற்ற டேனிஷ்காரர், பெயரைக் கேட்டறிந்ததும் முதலில் பாராட்டியது நான்சென் பெற்ற டாக்டர் பட்டத்தைத்தான்!

ஊர் திரும்பக் கப்பலில்லாததால் குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். இனூயிட் மக்களிடம் கயாக் ஓட்டவும் வேட்டையாடவும் மாணவராய் இருந்து கற்றார். அக்கல்வி, 1895-இல் அவர் வடதுருவத்தை நோக்கி 86 பாகை 14 கலை வரை சென்று மீண்டபோது கைகொடுத்தது.

முதல் உலகப்போருக்குப் பின் இப்பெருமகனாரின் பாதை மாறியது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைத் தாயகம் சேர்த்தார். 1921-இல் உலக நாடுகள் சங்கத்தின் அகதிகள் ஆணையரானார். நாடிழந்து, அடையாளத் தாளுமின்றி எல்லைகளில் தவித்தவர்களுக்கு 1922-இல் அவர் முயற்சியால் ஒரு பயணச் சான்று பிறந்தது. அதுவே நான்சென் கடவுச்சீட்டு. 50-க்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. அவ்வாண்டே அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பணத்தையும் துயர்துடைக்கும் பணிக்கே ஈந்தார். 1930 மே 13-இல் மறைந்தார்.

பின்வழியை அடைத்துக்கொண்டது அவராக விரும்பி ஏற்ற துணிவு. அவருக்கென்று ஒரு தாய்நாடு காத்திருந்தது. அகதிக்கோ பின்வழியைப் பிறர் அடைத்துவிட்டனர். இவ்வேறுபாட்டை உணர்ந்ததே அவர்தம் உண்மைப் பெருமை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியிருக்கும் நம்மில் பலருக்கும் முன்னே செல்வதொன்றே வழி. சென்று சேர்ந்தபின், வழியற்று நிற்போரை மறவாதிருப்போமாக!