ஆடி துலக்கிய கைகள்

கரோலின் ஹெர்ஷல் அம்மையார் 1750ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். பத்தாம் அகவையில் தாக்கிய கொடுங்காய்ச்சலால் வளர்ச்சி குன்றி, நாலேகால் அடி உயரத்தோடு நின்றுவிட்டார். வீட்டுவேலைக்கே உரியவர் எனத் தாயாரால் ஒதுக்கப்பட்ட அவரை, 1772இல் தமையனார் வில்லியம் இங்கிலாந்தின் பாத் நகருக்கு அழைத்துச் சென்று இசை பயிற்றுவித்தார். அரங்கேறிப் பாடும் தகுதியும் அவருக்கு வாய்த்தது.

அவ்வேளையில் வானியல் வேட்கை தமையனாரைப் பற்றிக்கொண்டது. இசை ஒலித்த இல்லம் பட்டறையாயிற்று. செம்பும் வெள்ளீயமும் உருக்கித் தொலைநோக்கி ஆடிகளை அவர் வார்த்தார். வார்ப்பச்சுக்கெனக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தவர் தங்கையாரே. மெருகிடும்போது கையெடுத்தால் ஆடியின் பரப்புக் கெடும் என்பதால், ஒருமுறை 16 மணி நேரம் கையெடாதிருந்த தமையனாருக்கு உணவை ஊட்டிவிட்டார். அவர் செய்த தொலைநோக்கி 1781 மார்ச்சில் யுரேனசைக் காட்டிற்று. அவ்வாண்டே பேராடி ஒன்றை வார்க்கையில் உலோகக்குழம்பு கசிந்தோடித் தரைக்கற்கள் வெடித்துச் சிதறின. ஆயினும் பணி ஓயவில்லை.

1782இல் பாத் நகரை நீங்கியதோடு அம்மையாரின் இசைவாழ்வு முடிந்தது. 1786 ஆகஸ்டு முதல் நாள், தமையனார் செய்தளித்த சிறு தொலைநோக்கியால் வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1797க்குள் அவர் கண்டவை எட்டு. 1787இல் அரசர் ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியம் வகுத்தார். 1828இல் இலண்டன் வானியல் கழகம் பொற்பதக்கம் அளித்தது. 1848இல், 97ஆம் அகவையில் மறைந்தார்.

தமையனாருக்குத் துணைநின்றவர் என்ற ஒரு சொல்லில் இவரை அடக்குதல் பொருந்தாது. துறந்த இசையையும் சலித்த சாணத்தையும் சேர்த்து எண்ணினாலன்றி அவ் வால்மீன்களின் விலை விளங்காது.