அப்பரை வளர்த்த அக்கா

சித்திரைச் சதயம் வருந்தோறும் எமது கோயில்களில் திருநாவுக்கரசு சுவாமிகளின் குருபூசை நடைபெறுகின்றது. பிள்ளைகள் தேவாரம் பாடுகின்றார்கள். பெரியவர் ஒருவர் சுவாமிகளின் வரலாற்றைச் சொல்கின்றார். சூலைநோய், சுண்ணாம்புக் காளவாய், கடலில் மிதந்த கல் என்று கதை விரைந்து போய்விடும். அதன் தொடக்கத்தில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி ஓரிரு வசனங்களே சொல்லப்படும். இம்முறை அவரைப் பற்றியே எழுத விரும்புகின்றோம். தாயும் தந்தையும் இல்லாத வீட்டில் அப்பரை வளர்த்து ஆளாக்கிய தமக்கையார் திலகவதியாரே அவர்.

தமிழ்நாட்டில் இன்றைய கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிக்கு அண்மையில் உள்ளது திருவாமூர். அவ்வூரில் வேளாளர் குடியில் வாழ்ந்த புகழனாருக்கும் மாதினியாருக்கும் முதலிற் பிறந்தவர் திலகவதியார். சில ஆண்டுகள் கழித்துத் தம்பி மருணீக்கியார் பிறந்தார். அவரே பின்னர் அப்பர் ஆனவர். 6 ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 7 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் அவர் வாழ்ந்தார் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. நாம் இங்கு சொல்வது 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய வரலாறாகும்.

திலகவதியாருக்கு 12 வயதானபோது அரசனின் சேனைத்தலைவராகிய கலிப்பகையார் பெண் கேட்டார். புகழனார் இசைந்தார். திருமணம் நடக்குமுன் வடபுலத்துப் பகைவரை எதிர்க்கும்படி அரசன் பணிக்க, கலிப்பகையார் போருக்குப் போய்விட்டார். போர் நாட்கணக்கில் நீண்டது. இதற்கிடையில் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவருடன் உயிர் நீத்தார். பிள்ளைகள் இருவரும் சுற்றத்தாரோடு அழுது, செய்ய வேண்டிய கடன்களைச் செய்து முடித்தார்கள். அந்தத் துயர் ஆறுமுன் போர்க்களத்தில் கலிப்பகையார் மடிந்த செய்தியும் வந்தது.

பெற்றோர் தம்மை அவருக்கென்றே பேசி வைத்தமையால் தமது உயிரும் அவருக்கு உரியதே என்று திலகவதியார் எண்ணினார். தாமும் இறந்துவிடத் துணிந்தார். அப்போது மருணீக்கியார் அவருடைய காலில் விழுந்து அழுதார். அன்னையும் அப்பனும் போனபின்பு அக்காவையே அவர்களாக எண்ணித் தாம் உயிரோடு இருப்பதாகவும், அவரும் விட்டுப் போவாரானால் அவருக்கு முன்னே தாம் போய்விடுவதாகவும் சொன்னார். அந்தப் பிள்ளை இருக்க வேண்டும் என்பதற்காகத் திலகவதியார் தமது முடிவை விட்டார். நகை அணியாமல், வேறு மணம் நாடாமல், அந்த வீட்டிலேயே தவம்போல் இருந்து தம்பியை வளர்த்தார்.

இந்த ஆண்டுகளைச் சேக்கிழார் சில சொற்களில் கடந்து செல்கின்றார். அந்தச் சில சொற்களுக்குள் எத்தனை நாட்கள் அடங்கியிருக்கும் என்பதை வளர்த்தவர்கள் அறிவார்கள். சோறாக்கியதும், காய்ச்சலுக்குக் கண்விழித்ததும், அம்மா எங்கே என்று கேட்ட பிள்ளைக்கு மறுமொழி சொன்னதும் அவற்றுள் அடங்கும். அதைச் செய்தவளும் ஒரு சிறு பிள்ளையே.

மருணீக்கியார் வளர்ந்தார். தகப்பன் தேடிய பொருளைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளம் தோண்டினார். நிலையாமையை இளமையிலேயே கண்டவருக்கு உலக வாழ்வில் மனம் ஒட்டவில்லை. உண்மை எது என்று தேடிப் பாடலிபுத்திரம் எனப்பட்ட இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூருக்குச் சென்று சமண சமயத்திற் சேர்ந்தார். கல்வியில் மேலோங்கித் தருமசேனர் என்ற பெயருடன் அங்கே தலைமை பெற்றார். சமணரைக் குறைசொல்ல இதை நாம் எழுதவில்லை. அவருடைய அறிவை அறிந்து மதிப்பளித்தவர்கள் அவர்கள். ஆனால் யாருக்காகத் திலகவதியார் உயிரோடு இருந்தாரோ, அந்தத் தம்பி இப்போது வீட்டில் இல்லை.

அவர் என்ன செய்தார்? தம்பியைத் தூற்றவில்லை. பின்னால் ஓடி இழுத்து வரவும் இல்லை. கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்திற்குப் போய், கோயிலைக் கூட்டி, மெழுகி, பூப்பறித்து மாலை கட்டி வாழ்ந்தார். தம்பியைத் தமக்கு மீட்டுத் தரும்படி நாள்தோறும் இறைவனை வேண்டினார். அவர் கூட்டி மெழுகிய கோயிலருகே பாயும் அதே கெடிலந்தான் தம்பி இருந்த ஊரையும் கடந்து கடலிற் சேர்கின்றது. அந்த அளவு தூரத்தில் இருவரும் பல ஆண்டுகள் பிரிந்திருந்தார்கள்.

பின்பு தருமசேனரைச் சூலைநோய் பற்றியது. மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை. வேதனையில் அவருக்கு அக்காவின் நினைவு வந்தது. சமையற்காரனை அனுப்பி வரச்சொன்னார். திலகவதியார் அந்த மடத்துக்குத் தாம் வருவதில்லை என்று சொல்லி அனுப்பினார். தமது கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தம்பி வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. அன்றிரவே பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டு, வெள்ளாடை உடுத்து, பிறர் தாங்க நடந்து தம்பி திருவதிகை மடத்தின் வாசலுக்கு வந்து காலில் விழுந்தார். இத்தனை காலம் எங்கே போனாய் என்ற கேள்வி அங்கே எழவில்லை. எழுந்திரு என்று சொல்லி, ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் துடைப்பமும் மெழுகும் சாணமும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அங்கேதான் அப்பரின் முதற் பதிகம் பிறந்தது. நோய் நீங்கியது, நாவுக்கரசு என்ற பெயரும் கிடைத்தது.

4 ஆம், 5 ஆம், 6 ஆம் திருமுறைகளாக இன்று எம்மிடம் உள்ள முந்நூறுக்கு மேற்பட்ட பதிகங்கள் அந்த விடியற்காலையின் பின் வந்தவை. அவர் ஊரூராகச் சென்று கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய உழவாரத்தைப் பார்க்கும்போது, அக்காவின் கையிலிருந்த துடைப்பம் எமக்கு நினைவுக்கு வருகின்றது. சீகாழியில் குழந்தை ஞானசம்பந்தர் அவரை அப்பர் என அழைத்தார். தந்தையை இளமையில் இழந்தவருக்குத் தந்தை என்றே பெயர் நிலைத்தது.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு இங்கே ஒரு பதிவு விடுபட்டிருப்பது தெரிகின்றது. நாயன்மார் 63 பேர். அவர்களுள் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். சுந்தரரைப் பெற்ற சடையனாரும் இசைஞானியாரும் தொகையில் உள்ளனர். சுந்தரரைச் சிறுவயதில் எடுத்து வளர்த்த நரசிங்க முனையரையரும் உள்ளார். அப்பரை வளர்த்த திலகவதியார் அந்தத் தொகையில் இல்லை. திருவதிகைக் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. வெளியூர்களில் அவருக்கென ஒரு நாளை நாம் எடுப்பதில்லை.

செவன் கிங்ஸில் எத்தனை வீடுகளில் இந்த வரலாறு நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். போரில் பெற்றோரை இழந்தோ, அவர்களைப் பிரிந்தோ வந்த பிள்ளைகளை அம்மம்மாவும் பெரியம்மாவும் மாமாவும் அக்காவும் வளர்த்தார்கள். எம்மையும் அம்மம்மாவே வளர்த்தார். இலண்டன் வந்தபின் சில ஆண்டுகள் நாம் அவருக்குக் கடிதம் எழுதாமல் இருந்தோம். அவரோ மாதந்தவறாமல் எழுதினார். ஒரு கடிதத்திலும் ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. நாம் பட்டம் பெற்ற நாளில் எடுத்த படத்தில் அவர் இல்லை.

இன்று உறவுப் பிள்ளைகளை வளர்ப்போர் ஒன்றை அறிந்திருத்தல் நல்லது. இங்கிலாந்தின் 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் கீழ், 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை நெருங்கிய உறவினர் அல்லாதவர் 28 நாட்கள் அல்லது அதற்கு மேல் வைத்து வளர்ப்பதாயின் உள்ளூர் நகரசபைக்கு அறிவிக்க வேண்டும். பாட்டன் பாட்டி, உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார் நெருங்கிய உறவினராவர். தகப்பனின் ஒன்றுவிட்ட தம்பியும் எமக்குச் சித்தப்பாதான். சட்டம் அவரை அப்படிக் கொள்வதில்லை.

வளர்த்த பிள்ளை வேறு வழியிற் போகலாம். வேறு சமயத்திற் சேரலாம். வேற்று இனத்தில் மணம் செய்யலாம். திலகவதியார் வாசலைச் சாத்தவில்லை என்பதை அந்த வேளையில் நினைத்துக்கொள்வோம். அடுத்த குருபூசையில் தேவாரம் பாடிப் பரிசு பெறும் பிள்ளையோடு, அந்தப் பிள்ளையை வளர்த்தவரையும் மேடைக்கு அழைக்கும்படி சங்கத்தாரை அன்போடு கேட்டுக்கொள்கின்றோம். மண்டபத்தின் கடைசி வரிசையில், மேற்சட்டையை மடியில் வைத்தபடி அவர் இருப்பார்.