அசரியா கேட்ட தோழமை: எடின்பரோவிலிருந்து தோர்ணக்கல் வரை

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தனர். ஆசியத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் இருபது பேர்கூட இல்லை. அச்சிறு குழுவில் ஒருவரான முப்பத்தைந்து வயதுத் தமிழர், மேலைநாட்டு மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையிலான உறவு ஏன் பழுதடைந்திருக்கிறது என்று அவ்வவையிலேயே கேட்டார். அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நாடுகடந்த திருச்சபைத் தோழமை குறித்த உரையாடல்கள் இன்றும் அந்த உரையை நினைவுகூர்கின்றன. ஆனால் அதை நிகழ்த்தியவர் எந்தச் சமூகத்திலிருந்து வந்தார், பின்னர் எந்த மக்களோடு வாழ்ந்தார் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் ஆங்கிலிக்கன் குருவானவர். சாணார் என்று இழித்துரைக்கப்பட்ட நாடார் சமூகத்தில் பிறந்த அசரியா, அச்சமூகத்தின் உரிமைப் போராட்டங்கள் கொதிநிலையில் இருந்த காலத்தில் வளர்ந்தார். 1899-இல் சிவகாசிக் கலவரம் நடந்தது. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பேரரசின் உச்ச நீதியமைப்பு ஒரு சமூகத்தின் ஆலய நுழைவை மறுத்த இரண்டே ஆண்டுகளில், அச்சமூகத்தில் பிறந்தவர் அதே பேரரசின் திருச்சபைத் தலைவர்களிடம் சமத்துவம் கேட்டு நின்றார். எடின்பரோ உரையை இந்தப் பின்னணியிலிருந்து பிரித்து வாசிக்க இயலாது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற அசரியா, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் செயலராகத் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்கிருந்த தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் அருட்பணி நடத்துவதைக் கண்டார். அந்தப் பயணம் அவரை மாற்றியது. 1903 பிப்ரவரியில் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. அதன் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். 1905 டிசம்பரில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. இரு சங்கங்களும் இந்திய ஆட்களையும் இந்தியப் பணத்தையும் கொண்டே நடப்பது என்ற அடிப்படையில் எழுந்தவை. வெளிநாட்டுத் துணையை அசரியா வெறுக்கவில்லை. கையேந்தி நிற்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே தோழமை மலராது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எடின்பரோவில் அவர் சொன்னதன் சாரமும் இதுவே. மிஷனெரிகளின் தியாகத்தை அவர் நன்றியுடன் ஒப்புக்கொண்டார். ஆயினும் இந்திய ஊழியர் சம்பளம் பெறும் வேலையாளாகவே நடத்தப்படுவதையும், ஒரே மேசையில் உணவருந்தும் பழக்கம்கூட அரிதாக இருப்பதையும் சுட்டிக்காட்டினார். பொருளும் உழைப்பும் போதா, சமநிலையிலான நட்பே தேவை என்று முடித்தார். அவையில் சிலர் நெகிழ்ந்தனர், சிலர் சினந்தனர்.

1909-இல் திருப்பணியில் அமர்த்தப்பட்ட அசரியா, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்கு அருட்பணியாளராகச் சென்றிருந்தார். சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் அவரைப் பேராயராக்க முன்வந்தபோது எதிர்ப்புகள் கிளம்பின. ஓர் இந்தியரின் அதிகாரத்தின் கீழ் ஐரோப்பியர் பணியாற்றுவதா என்பது ஒரு கேள்வி. அவருடைய பிறப்பைச் சுட்டிய முணுமுணுப்பு இந்தியக் கிறித்தவர்களிடமிருந்தே வந்தது. நிறவெறியும் சாதியும் இங்கே ஒரே வாசலை இரு பக்கமிருந்து அடைத்து நின்றன. இருந்தும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் திருநிலைப்படுத்தப்பட்டு, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1920-இல் திருமண்டலம் விரிவடைந்தபோது ஐரோப்பிய மிஷனெரிகளும் அவர் தலைமையின் கீழ் வந்தனர். 1927-இன் இந்தியத் திருச்சபைச் சட்டத்தின் வழியாக, 1930 மார்ச் 1 முதல் இந்தியத் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப்பிடியிலிருந்து விடுபட்டது. சட்டத்தில் சமநிலை இல்லாத இடத்தில் நட்பு வெறும் உபசாரமாகவே எஞ்சும் என்பதற்கு இது சான்று.

தோர்ணக்கல் திருச்சபையின் உயிர்நாடி மாலா, மாதிகா மக்களே. அசரியாவின் காலத்தில் அத்திருமண்டலத்தின் கிறித்தவர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவர் தெலுங்கு கற்றார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊரூராகச் சென்றார். ஒடுக்கப்பட்டோரிலிருந்தே ஆசிரியர்களையும் குருக்களையும் உருவாக்கினார். மாலாவும் மாதிகாவும் ஒரே பந்தியில் அமரவேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருந்தார். 1939 ஜனவரி 6 அன்று அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயம், இந்து, இஸ்லாமிய, கிறித்தவக் கட்டட மரபுகள் இணைந்த வடிவில் எழுந்தது.

இந்த மதமாற்றத்தைக் காந்தி கடுமையாக எதிர்த்தார். தீண்டப்படாதோர் மதத்தைத் தெரிந்து தேரும் நிலையில் இல்லை என்பது அவர் வாதத்தின் உட்கிடை. அசரியா அதை ஏற்கவில்லை. சேரி மக்களுக்கும் மனச்சான்று உண்டு, தேர்வுரிமை உண்டு என்பதே அவர் நிலைப்பாடு. 1935 அக்டோபரில் இயோலாவில் அண்ணல் அம்பேத்கர் தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என அறிவித்தபின் இந்த விவாதம் மேலும் கூர்மையடைந்தது.

ஆயினும் அசரியாவை விமர்சனமின்றிப் போற்றவியலாது. இந்தியக் கிறித்தவர்களுக்கான தனித்தொகுதிகளை அவர் எதிர்த்தார். திருச்சபை ஓர் அரசியல் சாதியாகச் சுருங்கிவிடும் என்பது அவர் அச்சம். அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் ஒடுக்கப்பட்ட கிறித்தவரின் அரசியல் குரல் எங்கே ஒலிக்கும் என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1936-இன் பட்டியல் சாதிகள் ஆணை எந்த இந்தியக் கிறித்தவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்று வரையறுத்தது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அதே தர்க்கத்தைத் தொடர்ந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் இஸ்லாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஞானஸ்நானத்தோடு சாதி போய்விடுகிறது என்கிறது சட்டம். ஊர் அதை ஒருநாளும் ஏற்றதில்லை.

அசரியா 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் மறைந்தார். 1919-இல் தரங்கம்பாடியில் அவர் முன்னின்று தொடங்கிய திருச்சபை ஒன்றிப்பு முயற்சி, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தது. அதைக் காண அவர் இல்லை. 1963-இல் டொராண்டோவில் கூடிய ஆங்கிலிக்கன் மாநாடு, கொடுக்கும் திருச்சபை, பெறும் திருச்சபை என்ற பிரிவினையைக் கைவிட்டுப் பரஸ்பரப் பொறுப்பை முன்வைத்தது. வெவ்வேறு நாடுகளின் திருமண்டலங்கள் இணைத்தோழமை பூணும் வழக்கம் அதன்பின் பரவியது. அசரியா அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டது அது.

இன்று அத்தகைய தோழமையின் பெயரால் இங்கு வரும் வெளிநாட்டு விருந்தினரை, மாலையும் பொன்னாடையும் ஏந்திய நிர்வாகிகள் வரவேற்கின்றனர். அவ்விருந்தினர் சேரியின் ஜெபவீட்டுக்கும் செல்லவேண்டும். தனிக் கல்லறைகள் எங்கே உள்ளன, திருமண்டல நிர்வாகத்தில் தலித்துகள் எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். பட்டியல் சாதித் தகுதிக்கான தலித் கிறித்தவரின் கோரிக்கையைத் தம் நாட்டுத் திருச்சபைகளின் கோரிக்கையாகவும் ஏற்கவேண்டும். வெள்ளையரிடம் சமத்துவம் கேட்ட இந்தியத் திருச்சபை, அதே சமத்துவத்தைத் தன் தலித் உறுப்பினருக்கு வழங்கிவிட்டதா என்ற கணக்கும் அப்போதுதான் வெளிப்படும்.