பொறி வைத்துக் கதை சொன்ன தேவகிநந்தன் கத்ரி

தமிழில் 'பொறி' என்றால் இயந்திரமும் அதுதான், எலியைப் பிடிப்பதும் அதுதான். பொறியியல் படிக்கும் நமக்கு முதல் அர்த்தம் தெரியும். இரண்டாவது அர்த்தத்தை வைத்து வாழ்ந்து காட்டிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் என் சொந்தக் கதை கொஞ்சம். கோவில்பதாகை ஏரிக்கரைப் பக்கம் விடுமுறை நாட்களில் நாங்கள் நாலைந்து பேர் கூடி, பகடை உருட்டிக் கதை ஆட்டம் ஆடுவது வழக்கம். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பாழடைந்த கோட்டைக்குள் வாயாலேயே நுழைவார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழி வந்த விளையாட்டு. என் முறை வந்தபோது நடைபாதையில் ஒரு பள்ளம் வைத்தேன். முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. பகடை விழுந்தது, நண்பனின் வீரன் பத்தே நிமிடத்தில் செத்தான். நண்பன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எங்கே தப்பு என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கத்ரியைப் பற்றிப் படித்தேன்.

தேவகிநந்தன் கத்ரி 1861-இல் பீகாரில் பிறந்தவர். சிறுவயதில் படித்தது உருதுவும் பாரசீகமும். வளர்ந்து காசியில் குடியேறினார். காசி மகாராஜாவிடமிருந்து சகியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தார். ஆளோ ஊர்சுற்றி! மரக்கணக்குப் பார்க்கப் போனவர் மலை, குகை, இடிந்த கோட்டை, புதர் மண்டிய மண்டபம் என்று நாள் கணக்கில் அலைந்தார். ஒருநாள் குத்தகை கைவிட்டுப் போனது. வேறொருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். இவர் பேனாவை எடுத்தார். காட்டில் பார்த்த இடிபாடுகளுக்கெல்லாம் கதவும் சாவியும் பொருத்தி 1888-இல் 'சந்திரகாந்தா' நாவலை வெளியிட்டார்.

நௌகட் இளவரசன் வீரேந்திர சிங், விஜய்கட் இளவரசி சந்திரகாந்தா, இவர்களின் காதல்தான் கதை. ஆனால் ஜனங்களைக் கட்டிப்போட்டது காதல் அல்ல, 'திலிசம்'. திலிசம் என்றால் பொறிகளும் புதிர்களும் நிறைந்த மாயக்கோட்டை. அமீர் ஹம்சாவின் பழைய பாரசீக, உருதுக் கதைகளிலும் திலிசம் உண்டு. ஆனால் அங்கே எல்லாம் மந்திரம். கத்ரியின் திலிசத்தைக் கட்டியவர்களோ கைத்தொழில் தெரிந்த மனிதர்கள். ஏராளமாகச் செல்வம் வைத்திருந்து, ஒப்படைக்கத் தகுந்த வாரிசு இல்லாத ஒருவன், பின்னால் பிறக்கப்போகும் தகுதியுள்ளவனுக்காக அதைக் கட்டிவைக்கிறான். திறக்கும் வழியை ஒரு புத்தகத்தில் எழுதியும் வைக்கிறான். ஆக, பொறி வைத்தவனுக்கு ஒரு காரணம் உண்டு, உள்ளே போகிறவனுக்கு ஒரு துப்பும் உண்டு.

அந்த இடிபாட்டில் ஒரு கல் கொக்கு நிற்கிறது. யாராவது பக்கத்தில் போனால் வாயைப் பிளக்கும். ஆளை அப்படியே விழுங்கிவிட்டு மூடிக்கொள்ளும். சந்திரகாந்தாவையே விழுங்கிவிட்டது! படிப்பவன் பதறுகிறான். ஆனால் அவள் சாகவில்லை. திலிசத்தின் உள்ளே உயிரோடு இருக்கிறாள். வெளியில் இருப்பவர்களுக்கு இப்போது அந்தக் கொக்கின் ரகசியத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். பார்த்தீர்களா? பொறி மூடிய இடத்தில்தான் கதை திறக்கிறது.

இதை இன்னொரு வாயோடு ஒப்பிடலாம். கைகாக்ஸ் 1975-இல் ஒரு போட்டிக்காக 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறையை வடிவமைத்தார். 1978-இல் அது புத்தகமாக வந்தது. அதன் வாசல் பக்கம் ஒரு பச்சைப் பிசாசு முகம், அகலத் திறந்த வாய். உள்ளே நுழைந்தவன் அவ்வளவுதான், மிச்சமே இருக்காது. அனுபவசாலிகளைச் சோதிப்பதற்கென்றே செய்த கல்லறை அது. அத்தனை கொடுமையான இடத்திலும் தரையில் பதித்த ஓடுகளில் ஒரு குறிப்பை ஒளித்து வைத்திருந்தார். என் பள்ளத்தில் அந்தக் குறிப்புகூட இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சந்திரகாந்தாவுக்குப் பிறகு கத்ரி ஓயவில்லை. 'சந்திரகாந்தா சந்ததி' 24 பாகங்களாக விரிந்தது. 1898-இல் காசியில் சொந்தமாக லஹரி அச்சகம் தொடங்கினார். வெறும் பொழுதுபோக்கு, இலக்கியம் இல்லை என்று பெரியவர்கள் ஒதுக்கினார்கள். ஆனால் இந்தக் கதைகளைப் படிப்பதற்காகவே இந்தி எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம் என்பதை இந்தி இலக்கிய வரலாறு எழுதிய ராமசந்திர சுக்லவும் ஒத்துக்கொண்டார். 1913-இல் கத்ரி காலமானபோது 'பூத்நாத்' நாவல் பாதியில் நின்றது. மகன் துர்காபிரசாத் அதை முடித்தார். 1994-இல் தூர்தர்ஷனில் 'சந்திரகாந்தா' தொடர் வந்தது. அதை ஆர்வமாகப் பார்த்த அண்ணன்மார், அக்காமார் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

நண்பர்களே, குத்தகை போனதும் ஒரு பொறிதான். கத்ரி அதில் விழுந்தார், ஆனால் அடியில் ஒரு கதவைத் தேடிக் கண்டுபிடித்தார்.

நானும் என் வரைபடத்தைத் திருத்தினேன். பள்ளத்துக்கு முன்னால் தேய்ந்துபோன ஒரு கல்லும், இழுத்தால் கிறீச்சிடும் ஒரு சங்கிலியும் வைத்தேன். பள்ளத்துக்கு அடியில் ஓர் அறை. அந்த அறையில் எதிர் எடை கட்டிய ஒரு கதவு, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே புரியும்படி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பனை வற்புறுத்திக் கூட்டி வந்தோம். அவன் வீரன் மறுபடியும் விழுந்தான். விழுந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான், கதவைத் தட்டிப் பார்த்தான், எடையை இழுத்தான். இருட்டும் வரை நாங்கள் யாருமே எழுந்திருக்கவில்லை.