சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் யார்? சிதம்பரம், கடலூர் போர்க்களத்தில் தொடங்கிய தாமஸ் மன்றோவின் கதை

சென்னை தீவுத்திடல் வழியாகப் போகிறவர்கள் அந்தக் குதிரைச் சிலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. குதிரைக்குச் சேணம் இல்லை. கால் வைக்க அங்கவடியும் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ, ஒரு காலத்தில் சென்னை மாகாண கவர்னர். இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆனால், இந்த மனுஷன் தமிழ்நாட்டுக் கிராமங்களை முதலில் பார்த்தது கவர்னர் பங்களாவில் இருந்து இல்லை. அரைவயிற்றுச் சோற்றோடு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அலைந்த ஒரு படையில், 20 வயசு இளைஞனாக வந்துதான் பார்த்தார். இன்று நம்ம வீட்டு அலமாரியில் இருக்கும் நிலப் பட்டாவுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு.

மன்றோ என்பது என்ன பெயர்?

நம்ம ஊரில் பெயருக்கு முன்னால் ஊர் எழுத்தைச் சேர்ப்போம் இல்லையா? ஸ்காட்லாந்தில் பல குடும்பப் பெயர்கள் அப்படி மண்ணில் இருந்து வந்தவைதான். அயர்லாந்தில் ரோ என்று ஒரு ஆறு. அதன் கரையில் இருந்து வந்தவர்கள் என்பதால்தான் மன்றோ என்று பெயர் வந்ததாக அந்தக் குலத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே ராஸ் பகுதியில் உள்ள ஃபவுலிஸ் அவர்களின் தாய்மண்.

இந்தப் பெயரில் இந்தியாவுக்கு வந்தவர்கள் நிறைய பேர். அதனால் குழப்பமும் நிறைய. கேரளாவில் கொல்லம் பக்கம் இருக்கும் மன்றோ துருத்து, திருவிதாங்கூரில் ரெசிடெண்ட்டாகவும் திவானாகவும் இருந்த ஜான் மன்றோவின் பெயரில் அமைந்தது. பக்சர் போரை 1764-ல் ஜெயித்தவர் ஹெக்டர் மன்றோ. சிலையில் இருக்கும் நம்ம ஆள் தாமஸ். மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள். இதில் ஹெக்டரும் தாமஸும் மட்டும் ஒரே நாளில் ஒரே போர்க்களத்தில் நின்றார்கள். அந்த இடம் பரங்கிப்பேட்டை.

திவாலான வியாபாரியின் மகன்

தாமஸ் மன்றோ பிறந்தது 1761 மே 27, கிளாஸ்கோ நகரம். அப்பா அலெக்சாண்டர், அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். சின்ன வயதில் வந்த தட்டம்மை தாமஸின் காதைப் பாதித்தது. கடைசி வரைக்கும் அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. படிப்பில் கெட்டி. டான் குயிக்ஸோட் நாவலை மூலத்திலேயே படிக்கணும் என்று ஸ்பானிஷ் மொழியைக் கற்றுக்கொண்டவர்.

1776-ல் அமெரிக்கா சுதந்திரத்தை அறிவித்தது. அப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. மகனுக்குக் கிடைத்த ஒரே வழி கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ வேலை. 1780 ஜனவரியில் சென்னைக் கரையில் இறங்கினார். அமெரிக்கா சுதந்திரத்தை அறிவித்ததால்தான் நமக்கு ஒரு மன்றோ கிடைத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

வந்து ஏறக்குறைய ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, மைசூரில் இருந்து ஹைதர் அலி பெரும்படையோடு மலை இறங்கினார். அந்த செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முழுசாக அழிந்தது. உதவிக்குப் போயிருக்க வேண்டியவர் ஹெக்டர் மன்றோ. அவர் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டு, சென்னைக்குப் பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கிய படையில் தாமஸும் இருந்தார். முதல் பாடமே தோல்விதான்.

சிதம்பரம் கோவில் கோட்டையான கதை

அடுத்து படைத்தலைமை ஏற்ற சர் அயர் கூட், 1781 தொடக்கத்தில் படையோடு தெற்கே வந்து கடலூரில் மாட்டிக்கொண்டார். சுற்றிலும் இருந்த கிராமங்களை ஹைதரின் குதிரைப்படை வெறுமையாக்கி இருந்தது. எதிரிக்கு அரிசியும் மாடும் கிடைக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. கப்பலில் வந்தால்தான் சோறு. பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பற்படை கடலில் தென்பட்டது. அது அப்படியே நின்று வழியை அடைத்திருந்தால் ஆங்கிலேயப் படை பட்டினியால் முடிந்திருக்கும். ஏனோ அது கிளம்பிப் போய்விட்டது.

இரண்டு படைகளுக்கும் நடுவே மாட்டிய விவசாயிக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. விளைந்ததை இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டது, மிச்சத்தைத் தீ எடுத்துக்கொண்டது. தென்னார்க்காட்டுக் கிராமங்கள் அந்த வருஷங்களில் பட்ட பாட்டை, தெருவில் நடந்து போகும் ஒரு சிப்பாயின் உயரத்தில் இருந்து பார்த்தவர் தாமஸ்.

சிதம்பரம் நடராஜர் கோவிலின் உயர்ந்த மதில்கள் அந்த நூற்றாண்டின் போர்களில் கோட்டைச் சுவர்களாக மாறியிருந்தன. உள்ளே ஹைதரின் காவல்படை, சேர்த்து வைத்த தானியம். ஜூன் 18 இரவு கூட்டின் படை தாக்கியது. வெளியே இருந்த குடியிருப்பைப் பிடித்தார்கள், ஆனால் மதிலைத் தாண்ட முடியவில்லை. நல்ல அடி வாங்கித் திரும்பினார்கள். இந்தத் தாக்குதலிலும் தாமஸ் இருந்தார்.

பின்வாங்கிய படை வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் தங்கியது. ஹைதர் வேகமாக வந்து, கடலூர் போகும் வழியை மறித்தார். ஜூலை 1 அன்று கூட், கடலோர மணல்மேடுகளை ஒட்டி ஒரு பிரிவை நகர்த்தி, ஹைதரின் படையைப் பக்கவாட்டில் தாக்கினார். எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய ஹைதரின் படை விலகியது. அன்று தோற்றிருந்தால் தென்னிந்தியாவில் கம்பெனியின் கதை அங்கேயே முடிந்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. முதல் வரிசைக்குத் தளபதி ஹெக்டர் மன்றோ. காலாட்படையில் பெயர் தெரியாத இளைஞர் தாமஸ் மன்றோ.

ஹெக்டர் அதே வருஷம் நவம்பரில் டச்சுக்காரர்களிடம் இருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பியவர், தன் நிலத்துக்கு மேலே ஃபைரிஷ் மலையில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் மாதிரி அது. ஸ்காட்லாந்து மலை உச்சியில் நம்ம நாகை வாசல் இன்றும் நிற்கிறது!

தாமஸ் திரும்பிப் போகவில்லை. 1782-ல் கடலூர் பிரெஞ்சு, மைசூர் படைகளின் கைக்குப் போனது. 1783 ஜூன் 13 அன்று, கேப்பர் மலை என்று இப்போது சொல்கிற மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே நடந்த கடும் சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். அதிலும் தாமஸ் இருந்தார். கொஞ்ச நாளில் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்து முற்றுகை நின்றது.

துப்பாக்கியில் இருந்து அளவுச் சங்கிலிக்கு

1792-ல் திப்பு சுல்தானிடம் இருந்து பாராமகால் கம்பெனிக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம். அதை நிர்வகிக்க அனுப்பப்பட்ட கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக மன்றோ போனார். அங்கே ஏழு வருஷம். தமிழ்க் கிராமங்களின் கணக்குவழக்கு அவருக்குப் பிடிபட்டது அங்கேதான்.

அந்தக் காலத்தில் வங்காளத்தில் ஜமீன்தார்களிடம் வரியை மொத்தமாகப் பேசி முடித்துவிடுவார்கள். விவசாயியிடம் எவ்வளவு பிடுங்குவது என்பது ஜமீன்தாரின் இஷ்டம். ரீடும் மன்றோவும் வேறு வழிக்குப் போனார்கள். வயலை அளப்பது, மண்ணின் தரத்தைப் பார்ப்பது, உழுகிறவர் பெயரிலேயே வரியை எழுதுவது. நடுவில் ஜமீன் இல்லை. இதுதான் ரயத்துவாரி. ரயத் என்றால் விவசாயி. 1800 முதல் 1807 வரை கடப்பா, பெல்லாரி, அனந்தபூர் பகுதிகளில் மன்றோ இதைப் பெரிய அளவில் நடத்தினார்.

அப்படியானால் அவர் விவசாயிகளின் தோழனா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இடைத்தரகர் போனார், வரி போகவில்லை. மொத்த விளைச்சலில் ஏறக்குறைய 45 சதவீதம் வரியாகப் போனது. மழை பொய்த்தால் அவ்வளவுதான். இது அதிகம் என்று மன்றோவுக்கே தெரிந்தது. கால் பங்கு குறைக்கச் சொல்லி 1807-ல் எழுதிவிட்டு ஊருக்குப் போனார். மேலிடம் குறைக்கவில்லை. ரயத்துவாரியையே ஓரம்கட்டி, கிராமங்களைக் குத்தகைக்கு விட்டது. அது சரிவரவில்லை.

1820-ல் கவர்னராகத் திரும்பி வந்த பிறகுதான் மன்றோவால் தன் முறையை மாகாணம் முழுக்கக் கொண்டுபோக முடிந்தது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்திலும் அதுவே நிலைத்தது. ரயத்துவாரி பட்டா என்ற சொல் இன்றும் தமிழ்நாட்டு நிலச் சட்டங்களில் இருக்கிறது. போலீஸ், மாஜிஸ்திரேட் அதிகாரங்கள் கலெக்டர் கைக்கு வந்தது, கிராம முன்சீப் பதவி, எல்லாம் அவருடைய 1816 சீர்திருத்தங்களின் வழி. அந்த முன்சீப் பதவியை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசுதான் ஒழித்து, வி.ஏ.ஓ.க்களைக் கொண்டு வந்தது.

இன்னொரு வேலையும் செய்தார். 1822-ல் மாகாணத்தில் எத்தனை திண்ணைப் பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 என்று விடை வந்தது. ஆங்கிலேயர் வருவதற்கு முன் இங்கே படிப்பே இல்லை என்ற பேச்சுக்கு ஆங்கிலேயரின் ஆவணமே பதில் சொல்கிறது. இந்த நாடு ஒரு நாள் தன்னைத் தானே ஆளும், அதற்கு இந்தியர்களை இப்போதே பெரிய பதவிகளில் பழக்க வேண்டும் என்றும் 1824-ல் எழுதி வைத்தார். ஆனால் உச்சப் பதவிகள் அவர் காலத்தில் வெள்ளைக்காரர்களிடமே இருந்தன.

கடைசிப் பயணம்

பதவியை ராஜினாமா செய்துவிட்டு, அடுத்த கவர்னருக்காகக் காத்திருந்தார். மனைவி ஜேன் ஏற்கெனவே பிள்ளையோடு ஊர் திரும்பியிருந்தார். போகும் முன் கடப்பா, பெல்லாரி மக்களை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கிளம்பியவரை வழியில் காலரா பிடித்தது. 1827 ஜூலை 6, பத்திகொண்டாவில் இறந்தார். குத்தியில் அடக்கம் செய்து, பிறகு 1831-ல் சென்னை ஜார்ஜ் கோட்டை தேவாலயத்துக்கு உடலைக் கொண்டு வந்தார்கள். திருமலை கோவிலில் அவர் பெயரில் மன்றோ கங்காளம் என்ற பெரிய அண்டா உண்டு. மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்து பேசினார் என்ற நம்பிக்கையும் உண்டு.

சிலை சென்னையில் 1839-ல் நிறுவப்பட்டது. அங்கவடியை மறந்துவிட்டதால் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. உண்மை இல்லை. சிற்பி ஃபிரான்சிஸ் சாண்ட்ரி சிலை வந்த பிறகும் உயிரோடு இருந்தார், 1841-ல்தான் இறந்தார். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது.